எரிசக்திச் செய்திகளை ஏமாறாமல் படிப்பது எப்படி

2025 ஜூலையில் வந்த ஒரு செய்தி ஞாபகம் இருக்கலாம். நாட்டின் மொத்த மின் நிறுவுதிறன் (எல்லா நிலையமும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறன்) சுமார் 485 கிகாவாட், அதில் பாதி இப்போது சூரியன், காற்று, நீர், அணு போன்றவற்றுக்கு வந்துவிட்டது, 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து வருடம் முன்னாடியே தொட்டாயிற்று என்று எல்லாப் பத்திரிகையும் போட்டன. அதைப் படித்த கையோடு இன்னொரு செய்தியைத் திறந்தால், இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது என்று இருக்கும். உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று இரண்டு தரப்பும் நினைக்கிறது. உண்மையில் இரண்டுமே சரியான எண்கள்தான், இரண்டும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன.

பெட்ரோல் விலை, மின்வெட்டு, சிலிண்டர் தட்டுப்பாடு, சோலார் மானியம், புதிய அணு உலை, இதெல்லாம் நம் பணமும் நம் பிள்ளைகள் சுவாசிக்கப்போகிற காற்றும் சம்பந்தப்பட்ட விஷயம். யாரோ எடுத்துக் கொடுக்கிற எண்ணை வைத்துக்கொண்டு நாம் கட்சி சேரக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. போனில் கால்குலேட்டர் இருந்தால் போதும், அப்புறம் 8,760 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் உள்ள மணிநேரம் அது.

முதல் கேள்வி: மெகாவாட்டா, யூனிட்டா?

கிலோவாட் என்பது வேகம். யூனிட் (ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட்) என்பது அளவு. குழாய் எவ்வளவு பெரியது என்பது கிலோவாட், குடத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது யூனிட். பெரிய குழாய் போட்டிருக்கிறார்கள் என்பதற்காகக் குடம் நிறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்று கேட்க வேண்டும். ஆயிரம் கிலோவாட் ஒரு மெகாவாட், ஆயிரம் மெகாவாட் ஒரு கிகாவாட். திறப்புவிழாச் செய்திகளில் வருவது பெரும்பாலும் மெகாவாட்தான், ஏனென்றால் அதுதான் பெரிதாகத் தெரியும். நாம் பில் கட்டுவதோ யூனிட்டுக்கு.

நம் ஊர்க் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். கூடங்குளத்தில் ஒரு அணு உலை 1,000 மெகாவாட். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்றரை. இப்போது 8,760-ஐ எடுங்கள். அணு உலை பராமரிப்பு நாட்கள் போக வருடத்தில் 80 சதவீத நேரம் முழு அளவில் ஓடுகிறது என்று வைத்தால், 10 லட்சம் கிலோவாட் பெருக்கல் 8,760 பெருக்கல் 0.8, சுமார் 700 கோடி யூனிட். சூரிய நிலையத்துக்கு இரவு, மேகம், காலை மாலைச் சாய்ந்த வெயில் எல்லாம் கழிந்து வருடச் சராசரி 19 சதவீதம் என்று வைத்தால், 6,48,000 பெருக்கல் 8,760 பெருக்கல் 0.19, சுமார் 108 கோடி யூனிட். ஒன்றுக்கு ஆறரை! 80, 19 என்று நாம் போட்ட இந்தச் சதவீதத்தைத்தான் மின்வாரியத்துக்காரர்கள் பிஎல்எஃப் என்று சொல்வார்கள். இந்தியாவில் சூரியனுக்கு 17-லிருந்து 20-க்குக் கொஞ்சம் மேல் வரை, காற்றுக்கு 20-லிருந்து 30 வரை, நிலக்கரிக்கு அதைவிட நிறைய, அணுவுக்கு 80-ஐ ஒட்டி என்று தோராயமாக நினைவில் வைத்தால் பாதிச் செய்திகள் தானாகவே புரிந்துவிடும். முதலில் சொன்ன செய்தியில் நிறுவுதிறன் பாதி, உற்பத்தி அதைவிட மிகக் குறைவு என்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் "பார்த்தீர்களா, சோலார் வேஸ்ட்" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அங்கேதான் நிதானம் வேண்டும். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988, கட்டுமானம் தொடங்கியது 2002, முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர். கமுதி நிலையத்தின் கட்டுமானம் ஒரு வருடம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு யூனிட்டுக்கு என்ன செலவு, எத்தனை வருடத்தில் கிடைக்கும், கழிவை யார் பார்த்துக்கொள்வார்கள், நிலம் எவ்வளவு என்று இன்னும் நான்கு கேள்வி இருக்கிறது. பிஎல்எஃப் ஒரு எண்ணைத் திருத்திக் கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது.

இரண்டாவது கேள்வி: பேசுவது மின்சாரத்தைப் பற்றியா, மொத்த எரிசக்தியைப் பற்றியா?

2024-ல் உலக மின் உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எதையும் எரிக்காத மூலங்களிலிருந்து வந்தது. சூரியனும் காற்றும் மட்டுமே சுமார் 15 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் "உலகம் பயன்படுத்தும் எரிசக்தியில் 80 சதவீதம் இன்னும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு" என்ற வரியும் அதே வருடத்துக்குப் பொருந்தும். உலகில் கடைசியாக மக்கள் கையில் சேரும் எரிசக்தியில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி லாரி ஓட்டுவதற்கு, இரும்பு உருக்குவதற்கு, சிமென்ட் சுடுவதற்கு, உரம் செய்வதற்கு, சமைப்பதற்கு, குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்குவதற்கு நேரடியாக எரிக்கப்படுகிறது. மின்சாரத்தை மட்டும் சுத்தமாக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. அதே சமயம் அந்த 80 என்ற எண்ணைப் பார்த்து மலைத்துப்போய் "ஒன்றும் நடக்காது" என்று உட்கார்ந்துவிடுவதும் தவறு, ஏனென்றால் அந்த எண்ணுக்குள் வீணாகப் போகிற வெப்பமும் சேர்ந்தே இருக்கிறது.

இதை ஒரு ஸ்கூட்டரில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் எரிசக்தி இருக்கிறது. சாதாரண ஸ்கூட்டர் அதில் 45 கிலோமீட்டர் ஓடும். மின்சார ஸ்கூட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் சொச்சம் ஆகும், அப்படியென்றால் அதே 9 யூனிட்டில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். பெட்ரோல் வண்டியில் முக்கால்வாசி சைலன்சர் வழியாகவும் என்ஜின் சூடாகவும் போய்விடுகிறது, கை வைத்துப் பார்த்தாலே தெரியும். அனல் மின்நிலையத்திலும் மூன்று பங்கு நிலக்கரிச் சூட்டைக் கொடுத்தால்தான் ஒரு பங்கு மின்சாரம் கிடைக்கிறது, மீதி குளிரூட்டும் தண்ணீரோடும் புகைபோக்கி வழியாகவும் போகிறது. ஆகவே இன்று எரிக்கிற அத்தனை எண்ணெயையும் கரியையும் யூனிட்டுக்கு யூனிட் சூரியனால் நிரப்ப வேண்டும் என்று யாராவது கணக்குக் காட்டினால், அந்தக் கணக்கில் புகையையும் சேர்த்து நிரப்பச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சமையல் கேஸுக்கும் இதே மாதிரி பார்க்கலாம். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்தில் ஏறும், அதாவது 120 யூனிட். இண்டக்ஷன் அடுப்பில் 85 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 140 யூனிட் மின்சாரம் ஒரு சிலிண்டர் வேலையைச் செய்துவிடும். உங்கள் வீட்டு யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், எந்த யூனிட் அடுக்கில் போய் விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை வீட்டுக்கு வீடு மாறும். இலவச யூனிட் ஏற்கெனவே தீர்ந்துபோன வீட்டுக்கும், அதற்குள்ளேயே முடிக்கிற வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை.

மூன்றாவது கேள்வி: எத்தனை மணிக்கு?

இதைத்தான் நிறைய பேர் கேட்காமல் விடுகிறார்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மின்சாரத்தைச் சேர்த்துவைக்காவிட்டால், உற்பத்தியான நொடியிலேயே செலவாக வேண்டும். 2024 மே 30-ல் நாட்டின் உச்ச மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட். கோடை மதியத்தில் ஏசி ஓடும் நேரமும் வெயில் காயும் நேரமும் ஒத்துப்போவதால் சூரிய மின்சாரம் அங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. சிக்கல் மாலை ஆறரைக்கு மேல். வெயில் இறங்கிவிடும், ஆனால் புழுக்கம் இறங்காது. வேலை முடிந்து வந்தவர்கள் விளக்கு, ஃபேன், ஏசி, டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே நிலக்கரி நிலையங்களை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

காற்றுக்கு மணி மட்டுமல்ல, மாதமும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை சுழற்றித் தள்ளும், சில சமயம் அத்தனையையும் வாங்கிக்கொள்ள வலையமைப்பில் இடமில்லாமல் நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் அதே காற்றாலைகள் பெரும்பாலும் சோம்பி நிற்கும். "காற்றாலை மூலம் மாநிலத் தேவையில் இத்தனை சதவீதம்" என்று செய்தி வந்தால் அது ஜூலையில் ஒரு நாளா, வருடச் சராசரியா என்று பாருங்கள்.

அப்போது சேமிப்பு. கோவை மாவட்டம் ஆனைமலைப் பகுதியில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது, மலையைக் குடைந்து உள்ளே வைத்த நிலையம். 100 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே எந்திரங்கள் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றும், தட்டுப்பாடான நேரத்தில் அந்தத் தண்ணீரைத் திரும்ப விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நீரேற்று நிலையங்களில் நான்கு யூனிட் செலவழித்தால் பொதுவாக மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். நட்டம்போலத் தெரியும், ஆனால் யாருக்கும் வேண்டாத நேரத்து நான்கைக் கொடுத்து எல்லாருக்கும் வேண்டிய நேரத்து மூன்றை வாங்குவது நல்ல வியாபாரம்தான். 1980-களின் கடைசியிலேயே இதைக் கட்டி முடித்தவர்கள் நாம். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட், அதன் வேலை இழுத்துக்கொண்டே போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பேட்டரியின் விலை 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் 115 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அதனால் இனி பேட்டரிச் செய்திகள் நிறைய வரும். அங்கே ஒரே கேள்வி: எத்தனை மணி நேரம்? "500 மெகாவாட் பேட்டரி" என்பது பாதி வாக்கியம். 1,000 மெகாவாட்-மணி என்று கூடவே சொன்னால்தான் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று தெரியும்.

சேமிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் சிக்கனத்தை மறந்துவிடுகிறார்கள். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மாலை ஏழு மணிக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோடி ஃபேனை மாற்றினால் 450 மெகாவாட் தேவை குறையும். கடம்பாறையின் முழுத் திறனைவிட அதிகம்! அணை வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம். இதற்கு ஏன் திறப்புவிழா இல்லை என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியைத் தொட்டது, நாடு முழுக்க மின்சாரம் போனது. குரங்கைப் பற்றிப் பேசிச் சிரித்ததோடு பலர் விட்டுவிட்டார்கள். விஷயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, நல்ல வெயில் என்பதால் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் ஏராளம், அதனால் சுழன்றுகொண்டிருந்த பெரிய எந்திரங்கள் கொஞ்சம்தான். நிலக்கரி, நீர் நிலையங்களில் டன் கணக்கில் எடையுள்ள உருளைகள் சுழல்கின்றன, எங்காவது ஒரு கோளாறு வந்தாலும் அந்தச் சுழற்சி வேகம் உடனே குறையாது, சில நொடிகள் தாக்குப்பிடிக்கும், அந்த நொடிகளுக்குள் மற்றவை சமாளித்துவிடும். கூரைச் சூரியப் பலகையில் சுழலும் பொருள் எதுவுமில்லை. அந்த ஊர் மின்சார சபையே இந்தக் காரணத்தைத்தான் சொன்னது. நுரைச்சோலை அனல் நிலையம் நின்றுபோய் அடுத்த சில நாட்களும் மின்வெட்டு. இதிலிருந்து சோலார் வேண்டாம் என்ற முடிவுக்கு வரக் கூடாது. பேட்டரி, சில விதமான இன்வெர்ட்டர்கள், சும்மா சுழல்வதற்கென்றே வைக்கும் கனத்த எந்திரங்கள் எல்லாம் இதற்கு மருந்தாக இருக்கின்றன. பலகைக்குச் செலவழிக்கும்போது இதற்கும் சேர்த்துச் செலவழித்தார்களா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது கேள்வி: எங்கிருந்து, எந்த வழியாக, எத்தனை நாள் கையிருப்பு?

"எரிசக்திப் பாதுகாப்பு" என்று தலைவர்கள் பேசினால் நீங்கள் இந்த மூன்றையும் கேளுங்கள். இந்தியா கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல், சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம், இயற்கை எரிவாயுவில் சுமார் பாதி வெளியிலிருந்து வாங்குகிறது. இதில் கணிசமான பகுதி எந்த வழியாக வருகிறது என்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே ஹோர்முஸ் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர்தான். 2024-ல் அதன் வழியாக நாளொன்றுக்கு சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது, உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. உலகக் கடல்வழி எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) வணிகத்திலும் ஐந்தில் ஒரு பங்கு, அதில் பெரும்பாலும் கத்தாருடையது. சவூதிக்கும் அமீரகத்துக்கும் அந்த நீரிணையைத் தவிர்க்கும் குழாய்கள் ஓரளவுக்கு உண்டு, கத்தாரின் எரிவாயுவுக்கு மாற்றுவழி கிடையாது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடங்களில் பாறைக்குள் குடைந்த கிடங்குகளில் நாம் வைத்துக்கொள்ளக்கூடியது 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய். முழுக்க நிரப்பினால் சுமார் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும், எண்ணெய் நிறுவனங்களின் சொந்தக் கிடங்குகள் தனி. 1973 எண்ணெய்த் தடையில் பட்ட அடிக்குப் பிறகு 1974-ல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதிக்கு ஈடாகக் கையிருப்பு வைக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் நிலை தெரியும்.

உள்நாட்டு நிலக்கரிக்கும் வழி உண்டு, அதையும் பாருங்கள். தமிழ்நாட்டு அனல் நிலையங்களுக்கு வரும் கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. புயல் அடித்தாலும் ரயில் பெட்டி கிடைக்காவிட்டாலும் இங்கே கையிருப்பு நாள் குறையும். "எத்தனை நாள் கரி இருக்கிறது" என்பது செய்தித்தாள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாகப் பணம். பொருள் உலகத்தில் இருக்கும், வழியும் திறந்திருக்கும், ஆனாலும் கிடைக்காது. 2022-ல் ரஷ்ய எரிவாயு குறைந்தபோது ஐரோப்பா என்ன விலை கொடுத்தாவது எல்என்ஜி கப்பல்களை இழுத்துக்கொண்டது. அதே வருடம் ஜூலையில் பாகிஸ்தான் எல்என்ஜிக்கு டெண்டர் விட்டது, தருகிறேன் என்று ஒருவரும் வரவில்லை. வங்கதேசம் வெளிச்சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டை அறிவித்தது. ஐரோப்பாவின் தட்டுப்பாட்டுக்கு டாக்காவில் விளக்கு அணைந்தது. இலங்கைக்கு வேறு கதை: டாலர் தீர்ந்துபோய், எரிபொருள் கப்பல்கள் கடலில் காத்திருக்க, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, அப்புறம் ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெட்ரோல் வாங்கும் பங்கீட்டு முறை. நாள் கணக்கில் வரிசையில் நின்ற ஆட்டோக்காரருக்கும் மீனவருக்கும் அதுதான் எரிசக்திப் பாதுகாப்பின் உண்மையான அர்த்தம்.

"சரி, சோலாரும் சீனாவிலிருந்துதானே வருகிறது, அதுவும் அடிமைத்தனம்தானே" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பலகை செய்யும் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல், இது ஆரோக்கியமான நிலை அல்ல. ஆனால் இரண்டு அடிமைத்தனமும் ஒரே மாதிரி இல்லை. எண்ணெய்க் கப்பல் நின்றால் சில வாரத்தில் வண்டி நிற்கும். பலகைக் கப்பல் நின்றால் புதிதாக மாட்ட முடியாது, ஏற்கெனவே கூரையில் இருப்பது 25 வருடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும், அந்த இடைவெளியில் நாம் இங்கேயே செய்யக் கற்றுக்கொள்ளலாம். திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலும் இன்று பெரிய பலகை ஆலைகள் இருக்கின்றன. அணு உலையும் இந்த வகையில் ஒரு நடுநிலை: கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது, ஆனால் ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு வருடமாவது தாங்கும். எந்த மூலத்தைப் பற்றிப் படித்தாலும் "சப்ளை நின்றால் எத்தனை நாளில் வலிக்கும்" என்று கேட்டுப்பாருங்கள், நாளா, வருடமா, இருபது வருடமா என்று. என்னைக் கேட்டால் நாடு எதில் பணம் போட வேண்டும் என்பதை இந்த ஒரு கேள்வியே பெருமளவு சொல்லிவிடும்.

ஐந்தாவது: யாருக்கு?

"உலகத் தேவை ஏறுகிறது" என்பதில் குற்றம் சொல்கிற தொனி இருந்தால் தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள். 2023-24 கணக்கில் இந்தியரின் தலா மின்நுகர்வு 1,395 யூனிட், அமெரிக்கருடையது 12,000-க்கு மேல். உலகத்தில் இன்னும் 65 கோடிப் பேருக்கு மேல் மின்இணைப்பே இல்லை, பெரும்பாலும் சகாராவுக்குத் தெற்கே. 200 கோடிப் பேருக்கு மேல் விறகு, சாணம், கரி அடுப்பில் சமைக்கிறார்கள், அந்தப் புகையைக் குடிப்பது பெண்களும் குழந்தைகளும். அவர்களுக்குப் போகிற முதல் நூறு யூனிட்டும், செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டரின் யூனிட்டும் ஒரே "தேவை" என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் தின்றன என்றும், 2030-க்குள் அது இரட்டிப்புக்கு மேல் ஆகும் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. உலக மின்சாரத்தில் அது இப்போதைக்கு ஒன்றரை சதவீதம்தான், ஆனால் ஒரே ஊரில் குவிந்து வருவதால் அந்த ஊரின் துணைமின்நிலையத்துக்கும் தண்ணீருக்கும் அது ஒன்றரை சதவீதமாக இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை, கணிப்புகளைப் பற்றி. 2040-ல் இப்படி, 2050-ல் அப்படி என்று வரும் வரைபடங்கள் பல, "இந்தக் கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால்" என்ற நிபந்தனையோடு போட்டவை. செய்தியாகும்போது அந்த நிபந்தனை விழுந்துவிடுகிறது. சூரிய மின்சாரத்தின் வளர்ச்சியைப் பெரிய முகமைகளே வருடக்கணக்கில் குறைத்து மதிப்பிட்டன. உலகம் முதல் 1,000 கிகாவாட் சூரியத் திறனை எட்டப் பல பத்தாண்டுகள் ஆனது, 2022 வாக்கில் அதைத் தொட்டது. அடுத்த 1,000-க்கு இரண்டு மூன்று வருடம்தான். ஆகவே கணிப்பைப் படித்தால் யார் போட்டது, அவர்கள் பத்து வருடம் முன்பு போட்டது பலித்ததா என்று தேடிப்பாருங்கள்.

பழகிக்கொள்ள ஒரு கணக்கு. "100 மெகாவாட் சூரிய மின்நிலையம், இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம்" என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். ஒரு லட்சம் கிலோவாட் பெருக்கல் 8,760 பெருக்கல் 0.2, வருடத்துக்கு சுமார் 17.5 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால் வருடத்துக்கு 2,400, வகுத்தால் 73,000 வீடு. மாதம் 100 யூனிட் வீடு என்று எழுதினால் அதே நிலையம் 1,46,000 வீட்டுக்கு ஆகிவிடும். ஒரு பலகைகூடக் கூடவில்லை. இரவு எட்டு மணிக்கோ, பேட்டரி இல்லாவிட்டால், ஒரு வீட்டுக்குக்கூட இல்லை. இனி இதே வரியை நிலக்கரி நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள், கூடவே எத்தனை டன் கரி, எந்தத் துறைமுகம் வழியாக என்பதையும்.

எண்களை எங்கே சரிபார்ப்பது என்றால், கிரிட்-இந்தியா நிறுவனம் முந்தைய நாள் ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு செலவழித்தது, உச்சத் தேவை எவ்வளவு, மாலையில் பற்றாக்குறை இருந்ததா, எந்த மூலத்திலிருந்து எத்தனை யூனிட் வந்தது என்பதைத் தினமும் தன் இணையதளத்தில் போடுகிறது. மத்திய மின்சார ஆணையம் மாதாமாதம் நிறுவுதிறனையும் உற்பத்தியையும் தனித்தனியாகப் போடுகிறது, அனல் நிலையங்களின் கரிக் கையிருப்பை நாள்தோறும் போடுகிறது. எல்லாம் இலவசம், ஆங்கிலத்தில் அட்டவணையாக இருக்கும், பயப்படாமல் திறந்து தமிழ்நாடு என்ற வரியை மட்டும் பாருங்கள். நல்ல காற்று அடிக்கிற ஜூலையில் ஒரு நாள், காற்று ஓய்ந்த நவம்பரில் ஒரு நாள், கத்திரி வெயிலில் ஒரு நாள் என்று மூன்று நாள் அறிக்கையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும், அடுத்த தடவை யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டி வாதாடும்போது எந்த நாளைக் காட்டுகிறார் என்று நீங்களே கேட்டுவிடுவீர்கள்.